விருப்பத்திலிருந்து குறிக்கோள் வரை

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக (கீழமை நீதிமன்ற நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டபோது, தாம் பாடம் கேட்டிருந்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியாரிடம் வியப்பு எதுவும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சாமிநாதையர் படித்ததில்லை. அந்தச் சந்திப்புக்குப் பின் ஏழு ஆண்டுகள் உழைத்து 1887இல் அவர் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்; 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன.

வாழ்க்கையில் எதைக் குறிக்கோளாகக் கொள்வது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். தமிழின் மீது சாமிநாதையருக்கு இருந்த ஈடுபாடு சிறு வயதிலேயே வெளிப்பட்டுவிட்டது. இசைவாணர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மகன் இசையில் தேர வேண்டும் என்ற ஆசை தந்தைக்கு இருந்தது. மகனின் மனம் தமிழ் நூல்களின் பக்கம் சாய்வதைக் கண்ட தந்தை, தக்க ஆசிரியர்களைத் தேடிக் குடும்பத்தோடு ஊர் ஊராக நகர்ந்தார். ஆனாலும், சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பிப்பது என்ற குறிக்கோள் இருபத்தைந்து வயதுக்குப் பிறகே, அதுவும் இன்னொருவர் கேட்ட ஒரு கேள்வியின் வழியாகவே, அவருக்கு வாய்த்தது. விருப்பம் முன்பே இருந்தது. குறிக்கோள் பின்னர் உருவானது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான், பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எந்தக் குரூப் எடுப்பது என்று பதினைந்து வயதுப் பிள்ளை திகைக்கும்போது, உனக்கு எது பிடிக்கும் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்கு விடை வராததைக் குறையாகக் கருதிவிடுகிறோம். இருபத்தெட்டு வயதில், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே மனம் ஒட்டாமல் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதும் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்கு யோசித்து விடை காண்பது மிகக் கடினம். செய்துவந்தவற்றைப் பார்த்து விடை காண்பது ஓரளவு எளிது.

முதலில் சான்றுகளைத் திரட்டுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டு, மூன்று வாரங்களுக்கு ஒவ்வோர் இரவும் பத்து நிமிடம் எழுதுங்கள். யாரும் சொல்லாமல் அன்று நீங்களாகச் செய்தது எது, எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டீர்கள், யாருடைய வேலையைப் பார்த்தபோது சிறிது பொறாமை எழுந்தது என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். பொறாமையைப் பலரும் எழுதத் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். நண்பருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு மகிழ்ந்துவிட்டு, மற்றொருவர் ஊரில் சிறுவர்களுக்கு நூலகம் தொடங்கியதைக் கேட்டபோது மனம் ஒரு கணம் சுருங்கியது என்றால், உங்கள் ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

நாட்குறிப்பு இன்றைய நிலையைக் காட்டும். பழைய தடங்களுக்கு வேறு இடங்களில் தேட வேண்டும். பத்து வயது முதல் இன்று வரை உங்கள் வாழ்க்கையை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் பரிசுக்காகவோ மதிப்பெண்ணுக்காகவோ அல்லாமல் செய்த செயல்களை எழுதுங்கள். சொந்தப் பணத்தை எதில் செலவழித்தீர்கள் என்று பாருங்கள். கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் படங்களும் காணொளிகளும் எதைப் பற்றியவை என்று பாருங்கள். மற்றவர்கள் உங்களிடம் உதவி கேட்டு வருவது பெரும்பாலும் எதற்காக என்பதை நினைவுகூருங்கள். உங்களைச் சிறு வயதிலிருந்தே அறிந்த இருவரிடம், முடிந்தால் ஒரு அத்தையிடமும் ஒரு பழைய வகுப்புத் தோழரிடமும், நீங்கள் எதைப் பற்றிப் பேசும்போது நிறுத்தாமல் பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். நம் கண்ணில் படாத நம் பழக்கங்கள் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. துறைகளின் பெயரை எழுதாமல் செயலின் பெயரை எழுதுங்கள். 'சமையல்' என்று எழுதினால் எதுவும் தெரியாது. புதிய சேர்க்கைகளைச் சோதித்துப் பார்ப்பது, ஐம்பது பேருக்கு அளவு பிசகாமல் ஆக்குவது, பாட்டியின் செய்முறைகளைக் கேட்டுக் குறித்துவைப்பது, பரிமாறும்போது விருந்தினரின் முகத்தைப் பார்ப்பது ஆகிய நான்கும் சமையலுக்குள் அடங்குபவைதாம் என்றாலும், அவை நான்கு வேறு மனிதர்களை நான்கு வேறு வழிகளில் அழைத்துச் செல்லும். அளவு பிசகாமல் ஆக்குவதில் இன்பம் காண்பவருக்கு உணவகம் பொருந்தலாம். கேட்டுக் குறித்துவைப்பவருக்கு அது பெரும் துன்பமாகிவிடும்.

பலனின் மீது ஆசையா, வேலையின் மீது ஆசையா

என் இருபதாவது வயதில், எழுத்தாளன் ஆக வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். அதை மனமார நம்பினேன். நான்கு ஆண்டுகள் கழித்து மேலே சொன்னவாறு கணக்கெடுத்தபோது, அந்தக் காலம் முழுவதிலும் நான் எழுதி முடித்தவை இரண்டு கதைகள் மட்டுமே என்று தெரிந்தது. அதே நான்கு ஆண்டுகளில், நண்பர்களின் ஆய்வேடுகளுக்கும் ஒரு சிற்றிதழுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் மெய்ப்புப் பார்த்திருந்தேன். யாரும் பணம் தரவில்லை. சில சமயம் நானாகவே கேட்டு வாங்கித் திருத்தியிருக்கிறேன். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும், ஒருமை பன்மை மயக்கமும், ஒரு பத்தியை இடம் மாற்றினால் பொருள் தெளிவதும் என்னை இரவு வெகுநேரம் விழித்திருக்கச் செய்தன. எழுத்தாளன் என்ற பெயரின் மீது எனக்கு ஆசை இருந்தது. எழுத்தைச் செப்பம் செய்யும் வேலையின் மீது எனக்குக் காதல் இருந்தது. இந்த வேறுபாடு தெரிந்த நாளில் ஏமாற்றமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. இன்று வரை நான் செய்துவருவது பிரதி செப்பனிடும் வேலைதான்.

ஆகவே, நீங்கள் திரட்டிய ஒவ்வொரு விருப்பத்தின் அருகிலும் அந்த வேலையில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி எது என்று எழுதுங்கள். சலிப்பூட்டும் பகுதி இல்லாத தொழில் எதுவும் இல்லை. மருத்துவம் என்றால் பல ஆண்டுகள் இரவுப் பணி. ஆராய்ச்சி என்றால் பலமுறை தோற்ற பரிசோதனையை மறுபடியும் செய்வது. இயற்கை வேளாண்மை என்றால் விடியற்காலைக் களையெடுப்பும் விலை கிடைக்காத அறுவடையும். இசை என்றால் ஆண்டுக்கணக்கில் அதே சரளி வரிசை. அந்தப் பகுதியையும் நீங்கள் ஏற்கத் தயாராக இருக்கிறீர்களா? விரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டு மறுநாளும் திரும்பிவர முடியுமா என்பதுதான் கேள்வி.

சாமிநாதையர் கையில் எடுத்த பணியை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையிலும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடையிலும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே பல இடங்களில் புலப்படாது. ஒரு சுவடியில் உள்ள பாடம் இன்னொன்றில் மாறியிருக்கும். ஆகையால் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டும். சிந்தாமணி சமண நூல் என்பதால், அதன் சமயக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தமிழறிஞர் என்று பெயர் எடுக்க மட்டுமே விரும்பியவராக இருந்தால், முதல் நூறு செய்யுளுக்குள் சுவடியைக் கட்டி வைத்திருப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடினமாக இருக்கிறது என்பதாலேயே இது என் உண்மையான விருப்பம் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கருந்துளைகள் பற்றிய எளிய காணொளி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டி ஆர்வமூட்டிய பின், அதே பொருள் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரையைப் படிக்கத் தந்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்து கண்டுபிடிக்கப்படக் காத்திருக்கும் ஒன்று என்று நம்பியவர்களின் ஆர்வம் அதிகமாக வடிந்தது. வளர்த்துக்கொள்ளக் கூடியது என்று நம்பியவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை. என் உண்மையான விருப்பம் எங்கோ முழுமையாக இருக்கிறது, அதைத் தொட்டவுடன் எல்லாம் எளிதாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பலரைத் துறை துறையாகத் தாவ வைக்கிறது.

இது யாருடைய விருப்பம்

இந்தப் பகுதியைப் படிக்கும்போது அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒருவர் ஒரு குறிக்கோளைப் பின்தொடர்வதற்கான காரணம் நான்கு வகையாக இருக்கலாம்: பிறர் வற்புறுத்துவது அல்லது சூழ்நிலை கட்டாயப்படுத்துவது, செய்யாவிட்டால் குற்றவுணர்வோ வெட்கமோ வரும் என்பது, அது முக்கியமானது என்று தாமே உணர்ந்து ஏற்றுக்கொண்டது, செய்வதிலேயே இருக்கும் இன்பம். பின்னிரண்டு காரணங்களால் செய்பவர்களின் முயற்சி நீடித்து நிற்கிறது என்பதையும், குறிக்கோளை எட்டியபின் அவர்கள் அடையும் நிறைவு அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கில் எது பெரும்பங்கு வகிக்கிறது என்று குறியுங்கள். நம் வீடுகளில் இரண்டாம் காரணம் மிகவும் நுட்பமாக வேலை செய்கிறது. அப்பா எதையும் வற்புறுத்தியிருக்க மாட்டார்; ஆனால் அவர் கடன் வாங்கிப் படிக்க வைத்ததை நினைக்கும்போது, வேறு எதையும் விரும்புவதே துரோகம் போலத் தோன்றும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் இந்த வகையைச் சேர்ந்ததே. இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. இந்தக் குறிக்கோளை நீங்கள் எட்டிய செய்தி யாருக்குமே தெரியாது, யாரும் பாராட்ட மாட்டார்கள், யாரும் வருந்தவும் மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதைச் செய்வீர்களா என்று எழுதிப் பாருங்கள்.

அதே நேரத்தில், குடும்பத்துக்காக எடுத்துக்கொள்வதெல்லாம் பிறர் சுமத்தியது என்று கொள்ளும் போக்கை நான் ஏற்கவில்லை. தங்கையின் படிப்பை முடித்துவைப்பது, அடகு வைத்த நிலத்தை மீட்பது போன்றவை, மனமார ஏற்றுக்கொண்டால், மூன்றாம் வகையைச் சேர்ந்த முழுமையான குறிக்கோள்கள். அவற்றைப் பட்டியலின் உச்சியில் வைப்பவர் தம் விருப்பத்தைக் கைவிட்டவர் ஆகமாட்டார். ஆனால் அப்படிப்பட்ட கடமைக்கு ஒரு தொகையும் ஒரு காலவரையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஒருபோதும் முடியாது.

பிழைப்பும் விருப்பமும்

விரும்பியதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது விதி ஆகாது. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், கட்டைகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிரை மாணவர்களுக்குக் கொடுத்தார். தீர்த்ததற்குப் பணம் தரப்பட்டவர்கள், பணம் நிறுத்தப்பட்ட பிறகு, தங்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரோடு செலவழித்த நேரம் குறைந்தது. கூலி வந்து சேர்ந்தால் ஈடுபாட்டின் தன்மை மாறக் கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

சாமிநாதையர் பதிப்புப் பணிக்காக ஆசிரியர் வேலையை விடவில்லை. 1903 வரை கும்பகோணத்திலும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்திக்கொண்டேதான் அத்தனை நூல்களையும் கொண்டுவந்தார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரி உதவித்தொகையை இழந்த சீனிவாச இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தபோதுதான், 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கணித முடிவுகளைத் தெரிவிக்கும் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அந்த வேலை கணித வேலை ஆகாது. ஆனாலும் வயிற்றுக்கு வழி செய்துவிட்டுக் கணிதத்துக்கு நேரம் விட்டுவைத்தது. ஆகவே உங்கள் விருப்பத்துக்கு மூன்று இடங்கள் உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்: அதுவே தொழிலாகலாம், தொழிலுக்கு அருகில் இருந்து அதற்கு உதவலாம், தொழிலிலிருந்து முற்றிலும் விலகி மாலை வேளைகளில் வாழலாம். மூன்றாவது இடம் மற்ற இரண்டுக்கும் குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த இடத்தைத் தேர்ந்தாலும், மாதச் செலவு எவ்வளவு, திருப்ப வேண்டிய கடன் எவ்வளவு, வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்ற மூன்று எண்களை எழுதிவைத்த பிறகே தேர்ந்தெடுங்கள். வீட்டில் பேசும்போதும் இந்த எண்களோடு பேசுங்கள். பெற்றோரின் மறுப்பில் பெரும்பகுதி அச்சத்திலிருந்து வருகிறது. கணக்கைக் காட்டினால் அந்த அச்சம் பெரும்பாலும் தணியும்.

குறிக்கோளை வாக்கியமாக எழுதுதல்

இப்போது உங்களிடம் மூன்று நான்கு செயல்கள் எஞ்சியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். அதில் செய்யும் செயலும், யாருக்காக என்பதும், எவ்வளவு என்பதும், எப்போதைக்குள் என்பதும் இருக்க வேண்டும். 'நாட்டுப்புறக் கலைக்குத் தொண்டாற்றுவேன்' என்பது ஆசை. 'எங்கள் வட்டாரத்தில் நடவுப்பாட்டு அறிந்த முதியவர்களைத் தேடி, இரண்டு ஆண்டுகளுக்குள் நூறு பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, ஊர்ப் பள்ளி நூலகத்தில் வைப்பேன்' என்பது குறிக்கோள். முதல் வாக்கியத்தை எழுதியவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்பார். இரண்டாவதை எழுதியவர் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.

பதவியின் பெயரை வாக்கியத்தில் வைக்காதிருப்பது நல்லது. அப்துல் கலாம் விமானப்படை விமானியாக விரும்பித் தேர்வுக்குச் சென்றார். எட்டு இடங்கள் இருந்த தேர்வில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். விமானி என்ற ஒரு சொல்லோடு அவருடைய விருப்பம் முடிந்துபோகவில்லை. பறக்கும் பொருள்களை உருவாக்கும் பணி அதே விருப்பத்துக்கு இடம் கொடுத்தது. பதவிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு யாரோ; செயலைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள்.

தொண்ணூறு நாள் சோதனை

வேலையை விடுவதற்கு முன்பும், பெரிய கட்டணம் கட்டுவதற்கு முன்பும், எழுதிய குறிக்கோளின் மிகச் சிறிய வடிவத்தைத் தொண்ணூறு நாள் செய்து பாருங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் அறுபது மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு வேலையின் சலிப்பூட்டும் பகுதியைச் சந்திக்க அது போதும். ஆசிரியர் ஆக விரும்புபவர் தெருப்பிள்ளைகள் ஐவருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மரவேலையில் ஆசை உள்ளவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தச்சரின் பட்டறையில் உதவியாளாக நிற்கலாம். வேறு பட்டம் தேவைப்படும் துறை என்றால், அதற்குரிய பாடநூல் ஒன்றின் முதல் மூன்று அத்தியாயங்களைப் பயிற்சிகளோடு முடித்துப் பாருங்கள். மனம் நின்றால், வேலையில் இருந்துகொண்டே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்தக் காலத்துக்குள் அந்தத் துறையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஒருவரையாவது நேரில் சந்தியுங்கள். வெற்றியின் இரகசியத்தைக் கேட்காதீர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். இராமசாமி முதலியார் கேட்டது போன்ற ஒரு கேள்வி உங்களிடம் திரும்பிவரவும் கூடும். அது சங்கடத்தைத் தந்தால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறாம் நாளில் எவ்வளவு சாதித்தீர்கள் என்று அளக்க வேண்டாம். எத்தனை நாள் யாரும் நினைவூட்டாமல் உட்கார்ந்தீர்கள், தவறிய நாள்களுக்குப் பிறகு எவ்வளவு விரைவில் திரும்பினீர்கள், முதல் வாரத்தில் எழாத நுணுக்கமான கேள்விகள் இப்போது எழுகின்றனவா என்பவற்றைப் பாருங்கள். கேள்விகள் நுணுக்கமாகிக்கொண்டே போனால் அந்த விருப்பம் வேர் பிடித்திருக்கிறது. மூன்றுக்கும் நல்ல விடை வராவிட்டால் அந்த வாக்கியத்தை வருத்தமின்றி அடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அடித்த காரணத்தை இரண்டு வரியில் எழுதிவையுங்கள்.

ஒரே காலத்தில் ஒரு பெரிய குறிக்கோளும் ஒரு கடமையும் போதும் என்பது என் அனுபவம். மற்றவற்றை நோட்டின் பின்பக்கத்தில் தேதியிட்டு எழுதி, இப்போதைக்கு இல்லை என்று குறித்துவிடுங்கள். குறிக்காமல் விட்டவை மனத்தின் ஓரத்தில் நின்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்த நாளோ பொங்கல் விடுமுறையோ உங்களுக்கு ஏற்ற ஒரு நாளில், முதல் பக்கத்திலிருந்து நோட்டைப் படித்துவிட்டுக் குறிக்கோள் வாக்கியத்தைப் பழையதைப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, மாறியிருக்கும் சொற்களின் கீழே கோடிடுங்கள். அடுத்த ஆண்டின் தொண்ணூறு நாள்களை அந்தச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.